நான் ஆடிய டாங்கோ

பலெர்மோ, 18.10.1998

அன்புள்ள கணவருக்கு,

மடு மாதாவின் கிருபையால் காய்ச்சல் விட்டுவிட்டது. உங்களுக்கும் மகளுக்கும் சுகம் கேட்டு மன்றாடுகிறேன்.

நான் வெள்ளைக்காரனோடு ஆடினேன் என்று கிளறா எழுத, நீங்களும் நம்பி, "உனக்கு வெக்கமில்லையோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிளறா அந்த ஆட்ட மண்டபத்தில் கோப்பை கழுவுகிறவள். பாதிதான் பார்த்தாள்.

ஞாயிறு பின்னேரம் நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோரா அங்கே போய்ச் சோடியாக டாங்கோ ஆடுவார். நான் அவருடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் இருப்பேன். அங்கே ஆண்கள் ஆட வரச்சொல்லி வாயால் கூப்பிடுவதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பார்கள், பெண் தலையாட்டினால் சம்மதம். எனக்கு அது தெரியாது. ஒரு கிழவர் பார்த்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். வந்து கை நீட்டினார். மடியிலிருந்த கோட்டைக் கண்டபின்தான் நான் வேலைக்காரி என்று அவருக்கு விளங்கியது. என்னைத் தொடாத கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஆடியது அவ்வளவுதான்.

"இனி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இரு" என்றார் சின்யோரா. உங்கள் கடிதத்திலும் அதுதான் இருக்கிறது.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, அனுப்புங்கள். மகளின் படமும் வேண்டும். போன படத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இந்த முறை நேரே பார்க்கச் சொல்லி எடுங்கள்.

சின்யோரா கூப்பிடுகிறார்.

எமிலியானா