நாரைக்கூட்டோடு ஒரு புதுத் தொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு ஹம்மூவின் ஸலாம்.

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். ரபாத்தில் மழை, சாப்பாட்டுக்குக் குறையில்லை.

நேற்று நாடாளுமன்றத்தில் ஒரு வேடிக்கை. உறுப்பினர்கள் கேள்வி கேட்க, அதிகாரிகள் பதில் சொல்ல, நான் வழக்கம்போல மைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மூர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று நம் தொகுதிப் பெண் உறுப்பினர் இத்தோ கேட்டார். புதுத் தொட்டியே கட்டிவிட்டோம் என்று துறை அதிகாரி திரையில் படம் காட்டினார். பார்த்தால், அப்பா காலத்து வறண்ட தொட்டிக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள்!

இத்தோ விடவில்லை. "ஏன்யா, தொட்டி இந்த வருஷம் கட்டுனதுன்னா, மேல வண்டிச்சக்கரம் கணக்கா பல வருஷத்து நாரைக்கூடு இருக்கே, அதுக்கும் டெண்டர் விட்டீங்களா?"

அவையே சிரித்தது. "எழுத்துல பதில் அனுப்பறோம்மா" என்றார் அதிகாரி.

"நேரம் முடிஞ்சுது. மைக்கை நிறுத்துப்பா" என்றார் அவைத் தலைவர். நிறுத்தியது என் கைதான், அம்மா.

"மைக் போனா என்ன, எனக்குத் தொண்டை இருக்கு!" என்று இத்தோ கத்தியது உங்களுக்கு டிவியில் கேட்டிருக்காது.

யாராவது இங்கே வந்தால் கம்பளிக் காலுறையும் கொஞ்சம் பேரீச்சையும் கொடுத்தனுப்புங்கள். இதைப் படித்துக் காட்டுபவரிடம் பதிலை நீளமாக எழுதச் சொல்லுங்கள். அறையில் பேச ஆளில்லை.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிடும். எனக்கு மனசு ஆறவே இல்லை. கூட்டைக் கலைத்தால் பாவம் என்று பயந்து சுற்றி வெள்ளையடித்தவர்களுக்கு, நீங்கள் கழுதையோடு கிணற்றுக்கு நடப்பது மட்டும் பாவமாகத் தெரியவில்லையே!

உங்கள் மகன்,
ஹம்மூ