உளவியல் படித்தவள் பாத பூஜைக்குப் போனாள்

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். எங்கள் ஊர் லகாட் முழுக்கப் புகைமூட்டம், எதிர்வீட்டு மாடிகூட மங்கல். மோட்டோ பைக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். உளவியல் ஐந்தாம் பாடத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும். இரண்டும் ஆகவில்லை.

ஈப்போவில் வகுப்பு. மிஸ் டியோ இன்று 'பழக்கத்தால் கற்றல்' நடத்தினார். நடத்தினார் என்பது மரியாதைக்கு. திரையில் இருந்ததை வாசித்தார், அதுவும் நாங்கள் வாசித்து முடித்த பிறகு. மணி அடித்து அடித்துச் சோறு வைத்தால், பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறும். இதற்கு ஒரு முழு வகுப்பு. எங்கள் தாமான் குடியிருப்புப் பூனைக்கே இது தெரியும். மீன் வண்டி ஹாரன் கேட்டால் போதும், வாசலில் வந்து நிற்கும்.

தர்ஷினி (பக்கத்து இருக்கை, ஒரே தோழி, வாய் ஓயாது): "ஏய், எனக்கு ஆங்சைட்டி இருக்குலா. போன்ல டெஸ்ட் எடுத்தேன், நூத்துக்குத் தொண்ணூறு." எவ்வளவு பெருமை! பரீட்சையில் ஒருநாளும் வாங்காத மதிப்பெண்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு துண்டறிக்கை. எஸ்டேட் கோவில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தன்முனைப்பு முகாம், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்ட. முடிவில் பெற்றோருக்குப் பாத பூஜை. எஸ்டேட் என்று இப்போது ஒன்றும் இல்லை. ரப்பர் மரம் நின்ற இடத்தில் வரிசை வீடுகள், கோவில் மட்டும் மிச்சம். வருஷா வருஷம் இதே கூத்து. தாய் தகப்பன் காலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஓவென்று அழுது, மறுநாள் பழையபடி. காலைக் கழுவினால் கணக்குப் பாடம் எப்படி வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அம்மா: "உங்கப்பாவையும் வரச் சொல்லியிருக்கேன்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூட்டம் அப்படியே. தொண்டை கரகரப்பு.

'அப்பா' என்று எழுதப் பிடிக்கவில்லை. இனி 'அ.' போதும். நான் பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கும்போது அ. சித்தியவானுக்கு வேலைக்குப் போனார், இறால் குட்டை மேற்பார்வை. போனவர் அங்கேயே வேறொருத்தி வீட்டில் தங்கிவிட்டார். அம்மா பல் கிளினிக்கில் பதிவு மேசையில் உட்கார்ந்து குடும்பத்தை ஓட்டினாள். இப்போது அந்த வீட்டிலிருந்து அ.வைத் துரத்திவிட்டார்கள். உடனே நாங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டோம்.

விஷயம் இதுதான்: அவர் திரும்பி வரப் பார்க்கிறார். அம்மாவுக்கும் ஆசை. ஆனால் தன் வாயால் சொல்லமாட்டாள், முடிவை என் தலையில் கட்டியிருக்கிறாள். துணி மடித்துக்கொண்டே:

"நீ சொல்றதுதாம்மா. உனக்கு வேணாம்னா அவரு வரமாட்டாரு. சத்தியமா நான் கூப்பிடமாட்டேன்."

"வேணாம்."

"ஞாயித்துக்கெழம அவர பாரு. பாத்துட்டு சொல்லு."

"பாக்காமலே சொல்றேம்மா. வேணாம்."

"ஏன் இப்படி கல்லு மாரி இருக்க?"

கல்லாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஞாயிறு போவேன், அம்மா காலைக் கழுவுவேன். அந்த ஆள் காலைத் தொடமாட்டேன். அவர் இந்த வீட்டுக்கு வரக்கூடாது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மாலையில் நல்ல மழை, மூட்டம் கரைந்தது. கொடியில் துணியை மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் மறுபடி அலச வேண்டும்.

இன்றைய பாடம் புறா. பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்தால் புறா பசித்தபோது மட்டும் கொத்தும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் விட்டுவிட்டுக் கிடைத்தால், நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். மிஸ் டியோ சொன்ன உதாரணம் சூதாட்ட இயந்திரம். எனக்குத் தோன்றியது அம்மாவின் கைப்பேசி. அ.விடமிருந்து மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. திடீரென்று ஒரு குரல் செய்தி: "சாப்டியா?" அவ்வளவுதான். அதற்காக இங்கே அடுப்பில் சாம்பார் பொங்கி வழிய, திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள். மூன்று மொழியில் நோயாளிகளைச் சமாளிக்கிறவள். பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"புறா மாரி கொத்திக்கிட்டே இருக்கீங்கம்மா."

"என்ன புறா?"

"பாடம்."

"நல்லா படி. அப்பா கேட்டா சந்தோசப்படுவாரு."

ஆகஸ்ட் 15, வெள்ளி

நேற்று எழுதவில்லை. வயிற்றுவலி.

வாங்கியது: நீலப் பேனா, பல்பசை, மஞ்சள் தூள். மஞ்சள் பூஜைக்காம். பிள்ளை கையால்தான் வாங்க வேண்டுமாம்.

மளிகைக்கடை அக்கா: "பாத பூஜையா? போன வருசம் என் மவன் அழுதான் பாரு, நானே பயந்துட்டேன். மாஸ்டர் பேச்சு அப்படிலா!" மகன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டேன். "மேலதான் படுத்துக் கெடக்கான்."

மாஸ்டர் என்பவர் முகாம் நடத்தும் பேச்சாளர். துண்டறிக்கையில் பெயருக்குக் கீழே 'மனோதத்துவ நிபுணர்'. எங்கே படித்தார் என்று மட்டும் போடவில்லை. முடி நிறைய, பல் நிறைய.

தர்ஷினியும் வருகிறாள். அழமாட்டேன் என்று அவளிடம் பந்தயம் கட்டினேன். வித்தை முழுவதையும் விளக்கினேன். விளக்கை அணைப்பார்கள். சோகமாக இசை வரும். அம்மா செத்துப்போனதாக நினைக்கச் சொல்வார். முன்வரிசையில் ஒருத்தி விசும்புவாள், அவளைப் பார்த்து அடுத்தவள், பிறகு மொத்தக் கூட்டமும். தெரிந்த வித்தையில் ஏமாற நான் என்ன மளிகைக்கடை அக்கா மகனா?

"நீ ரொம்ப ஓவர்லா," என்றாள். "மனுசியே இல்ல நீ."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். மண்டபத்தில் பாதி மின்விசிறி ஓடவில்லை.

அ. வந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் சாயம் அடித்த மீசை. "வாரேன்னு சொன்னேன்ல? வந்துட்டேன் பாரு." பெரிய சாதனை! பாதி நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்தார். "ரோட்டுல ஜேம்லா, செம்ம ஜேம்." நான் தாமதித்தால் எனக்கு ஒழுக்கமில்லை, அவர் தாமதித்தால் சாலை சரியில்லை. இதற்கும் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது.

மாஸ்டர் நான் சொன்ன வரிசை மாறாமல் செய்தார். விளக்கு அணைந்தது. புல்லாங்குழல். "கண்ண மூடுங்க பிள்ளைங்களா. நாளைக்குக் காலைல எந்திரிக்கிறீங்க. அடுப்படியில சத்தமே இல்ல. அம்மா எங்க?" முன்வரிசைப் பெண் விசும்பினாள். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு மட்டமான வித்தைக்கு இத்தனை கைக்குட்டையா?

பிறகு பெற்றோர் நாற்காலியில், பிள்ளைகள் கீழே, தாம்பாளம், செம்புத் தண்ணீர். அம்மா காலைக் கழுவினேன். குதிகால் வெடிப்பில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு போகவில்லை. பக்கத்து நாற்காலியில் அ. காலை நீட்டித் தயாராக இருந்தார். நான் எழுந்தேன். பின்னால் போய் நின்றுகொள்வது என்று முன்பே முடிவு செய்ததுதான்.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் மைக்கில்: "கூட்டத்துல ஒன்னுமே தெரியலப்பான்னு அழுதீங்க. தோள்ல தூக்கி சாமி காட்டுனாரே அப்பா, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இதே கோவில் தீமிதி. அவர் தலை எண்ணெய் வாசம், நான் பிடித்துத் தொங்கிய காது. எனக்கு அழும் எண்ணமே இல்லை, ஆனால் கண் கேட்கவில்லை. சுற்றிலும் அத்தனை பேரும் அழ, நானும் மூக்கு ஒழுக நின்றேன். சீ.

அவர் காலைத் தொடவில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், தொடவில்லை. பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். தோள் குலுங்கியது. யாரோ ஒரு அம்மா: "பாவம்லா அந்தப் பொண்ணு, அப்பாவ பாத்து எப்படி அழுவுது!"

பந்தயத்தைப் பற்றி தர்ஷினி வாய் திறக்கவில்லை. இந்த வருடத்தில் அவள் செய்த ஒரே நல்ல காரியம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தலைவலி. வெயில்.

இன்றைய பாடம்: மனம் தான் நம்புவதற்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும், மற்றது கண்ணில் படாது. மிஸ் டியோ வழக்கம்போல வாசித்தார். நான் வழக்கத்துக்கு மாறாகக் குறிப்பெடுத்தேன்.

வீட்டில் அம்மா முணுமுணுவென்று பாடிக்கொண்டே அறையைக் கூட்டினாள்.

"யோசிச்சிட்டேம்மா. வேணாம்."

சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"சும்மா இருடி. உனக்கு வாய்தான். நேத்து நான் பாக்கலையா?"

"அது மியூசிக் போட்டாங்கம்மா, லைட்ட அணைச்சாங்க. நாய் மணிச் சத்தம் கேட்டா..."

"அப்பாவ பாத்து அழுததுக்கு நாய ஏன் இழுக்கற?"

பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்து விளக்கினேன். படம்கூட வரைந்தேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். கடைசியில் என் தலையைத் தடவி, "உன் மனசு உனக்கே தெரியலம்மா," என்றாள். மிஸ் டியோ இந்த வருடம் முழுக்க வாசித்ததும் ஏறக்குறைய இதுதான். புத்தகத்தை மூடினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மழை. தாமான் முழுக்கச் சேறு. வகுப்பு முடிந்து வந்தால், வாசலில் ஐஸ் உருகும் மீன்பெட்டி. உள்ளே அ., நண்டுக் கறியோடு சோறு பிசைந்துகொண்டிருக்கிறார். அம்மா புதுச் சேலையில் நின்று பரிமாறுகிறாள். கிளினிக்குக்கு விடுப்பாம்.

"வேணாம்னு சொன்னேன்லம்மா. சத்தியம் பண்ணீங்க."

அம்மா அவர் தட்டில் இன்னொரு நண்டை வைத்தாள். அ. கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் இடது கையால் கைப்பேசியை நீட்டினார். கோவில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட காணொளி. ஒருத்தி சுவரைப் பார்த்து நிற்கிறாள், தோள் குலுங்குகிறது. கீழே வரிசையாக இதயங்கள், கும்பிடும் கைகள். அடுத்த முகாம் விளம்பரத்துக்கு அதை மாஸ்டர் கேட்டாராம். பெற்ற தகப்பன் என்ற முறையில் அ. சம்மதம் சொல்லிவிட்டாராம்.

"நீ அழுததுனாலதாம்மா வந்தேன். இல்லன்னா வந்திருக்கமாட்டேன்," என்றார். "பாரு, இன்னொருக்கா பாரு."

பார்த்தேன். ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது. அம்மா அதையும் பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு தட்டு எடுக்கப் போனாள்.