எவ்வளவு பிரஷர்?

அக்டோபர் 25, சனிக்கிழமை. ஐப்பசி எட்டு.

மழையில் வாசலெங்கும் பாசி பிடித்து வழுக்குகிறது. நீரைப் பீய்ச்சிக் கழுவும் இயந்திரம் வாங்கக் காலையில் சிங்காநல்லூர்க் கடைக்குச் சென்றேன். "பிரஷர் எவ்வளவுங்க ஐயா?" என்றார் கடைக்காரர்.

"நூத்தி நாப்பதுங்க. மாத்திரை சாப்பிட்டுட்டுத்தான் இருக்கறனுங்க."

அவர் சிரிக்காமல் நூற்று நாற்பது 'பார்' அழுத்தமுள்ள இயந்திரத்தை எடுத்து வைத்தார். தவறு புரிந்தும், திருத்தக் கூச்சப்பட்டு அதையே வாங்கி வந்தேன். வீட்டுக்கு அத்தனை விசை தேவையில்லை.

மாலையில் கழுவிக்கொண்டிருந்தபோது, மனைவி கமலம் தோட்டத்திலிருந்து சேற்றுக்காலுடன் வந்து புடவையைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஏனுங்க, அப்படியே என்ற காலுக்கும் ஒரு அடி அடிச்சு உடுங்க."

நானும் குழாயைத் திருப்பினேன். நீர் முதலில் படியோரத்தில் பட்டது. சிமெண்டு பெயர்ந்து தெறித்தது. அழுத்தியிருந்த கைப்பிடியை விட்டதும் நீர் நின்றது. அவள் கால் ஒரு சாண் தள்ளி இருந்தது. புடவையில் கவனமாக இருந்தவள் எதையும் பார்க்கவில்லை.

"தண்ணி தீந்துபோச்சுங்களா?"

"ஆமாம்" என்றேன். வாளியில் மொண்டு வந்து நானே கழுவிவிட்டேன்.

"இன்னைக்கென்னங்க இத்தனை மருவாதி!" என்று சிரித்தாள்.

திங்களன்று இயந்திரத்தை மாற்ற வேண்டும். கமலம் உறங்குகிறாள், கால் போர்வைக்கு வெளியே நீண்டிருக்கிறது. இன்று என் பிரஷரைப் பார்த்துக்கொள்ளத் துணிவில்லை.