ஏறி வரும் வண்டிக்கு வழி

3 பிப்ரவரி 2025, திங்கள்

ஊட்டி காந்தலிலிருந்து குன்னூர் ஆபீசுக்குப் போகும் வழியில் இன்று இரண்டு. அருவங்காடு திருப்பத்தில் கேரட் மூட்டைகளோடு ஒரு மெட்டடார் வேன். வெலிங்டனில் ஒரு கான்டெஸா கார். அதன் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இரண்டையும் குழுவில் போட்டேன். வழியில் பழைய கார்களைக் கண்டவர்கள் இடம் குறித்துப் படம் போடும் வாட்ஸ்அப் குழு அது. நீலகிரியில் வேறெந்தக் குழுவிலும் இவ்வளவு உண்மை பேசப்படுவதில்லை.

அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்து நான்கு மாதம் ஆகிறது. சாயங்காலம் வழக்கமான கேள்வி: "தம்பி எப்ப வர்றானாமா?"

போன் போட்டேன். "ஆடிட் நேரம்க்கா. கோயமுத்தூர விட்டு அசைய முடியல" என்றான் வசந்த்குமார். பாவம். அவனை மட்டும் நம்பித்தான் கொங்குநாட்டின் கணக்கு வழக்கே நடக்கிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

குன்னூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பிரசாத் குழுவில் ஒரு படம் போட்டார். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியார், இன்று காலை. பழக்கடை முன்னால் ஒரு இளம்பச்சைக் கார். "ஹெரால்டு! என்னா அழகுங்க!"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "ஹெரால்டு இல்லீங்க, கெஸல். கிரில்லப் பாருங்க. வண்டி என்னுது."

எழுதியவன் என் தம்பி. அவனைக் குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான்.

நுணலும் தன் வாயால் கெடும். தவளையாவது மழை பெய்தால்தான் கத்தும். இவனுக்குத் தன் காரை யாராவது வேறு பெயர் சொல்லி அழைத்தாலே போதும். போன மாதம் அம்மாவின் மாத்திரைக்கு இரண்டு முறை தப்பான பெயர் சொன்னான். அப்போது திருத்தியது நான்.

10 பிப்ரவரி

"அக்கா" என்று ஒரு செய்தி அனுப்பினான். பார்ப்பதற்குள் அழித்துவிட்டான்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்றைக்கு அதே கார், கூடலூர் தாண்டி தேவர்சோலையில். பழைய கார் கிளப்காரர்களின் ஊர்வலம். ஏழெட்டு வண்டிகளில் இதுவும் ஒன்று. கோயமுத்தூரிலிருந்து தேவர்சோலைக்குப் போகிறவன் ஊட்டியைத் தாண்டாமல் போக முடியாது. கூடலூர் ரோட்டில் யாராவது ஹாரன் அடித்தால் எங்கள் வீட்டில் கேட்கும். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

படத்தின் கீழே நானும் ஒரு கைதட்டல் பொம்மை போட்டேன். அவன் அதற்கு நன்றி சொல்லவில்லை.

22 பிப்ரவரி, சனி

அம்மாவுக்கு முதுகில் புண் ஆரம்பித்திருக்கிறது. வாட்டர் பெட் வாங்க மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினேன். வீட்டில் இந்துமதி இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பெண்.

பர்லியாருக்கு மேலே, குறுகலான வளைவில், எதிரே இளம்பச்சை.

மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். பழைய வண்டி நடுமேட்டில் நின்றால் மறுபடி கிளம்பாது. அதனால் நான் ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். வசந்த் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, என்னைக் கடக்கும்போது கையை உயர்த்தினான். வழிவிட்ட முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டும் கை. என்னுடையது வெள்ளை ஆல்டோ. இந்த மலையில் யார் கண்ணுக்கும் படாமல் வாழ இதைவிட நல்ல வழி இல்லை.

பழக்கதோஷம், நானும் கையை உயர்த்தினேன்.

மெத்தையோடு வீடு திரும்பி, யாராவது வந்தார்களா என்று இந்துமதியிடம் கேட்டேன். கேஸ் சிலிண்டர்காரர் மட்டும் வந்தாராம்.

23 பிப்ரவரி

காலையிலேயே கூப்பிட்டுவிட்டேன். பேசக் கூடாது என்று நினைத்ததையெல்லாம் பேசினேன். ஏன்டா, ஒரு அஞ்சு நிமிசம் ஊட்டுக்கு வந்துட்டுப் போனா என்ன? அந்த வண்டிக்கு ரேடியேட்டர் ஆறுற நேரந்தானடா!

"இப்பெல்லாம் சூடாறதில்லக்கா. ரேடியேட்டர் மாத்திட்டேன்."

சத்தியமாக இதைத்தான் சொன்னான். கடைசியில், "அம்மாவ அப்படிப் படுக்கைல பாக்க என்னால முடியலக்கா" என்றான். குரல் உடைந்தது. அழுகை பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

பார்க்க முடியாதவன் பார்க்காமல் இருக்கிறான். பார்க்க முடிகிறவள் பெட்பேன் கழுவுகிறாள். குடும்பத்தில் வேலைப் பிரிவினை என்பது இதுதான் போல.

2 மார்ச், ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆடிட் பொய், வாராவாரம் மலையில்தான் சுற்றுகிறான் என்று. ஆதாரமாகப் பர்லியார் படத்தையும் காட்டினேன். ஆமாம், அவளுக்கு வலிக்கட்டும் என்றுதான் காட்டினேன். எத்தனை நாள் நான் ஒருத்தியே—

அம்மா போனை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டாள். "பெருசு பண்ணு, கண்ணு." பெரிது பண்ணினேன். கார்க் கண்ணாடியில் மரங்களின் நிழல் விழுந்திருந்தது, முகம் தெரியவில்லை. ஜன்னலில் வைத்த முழங்கை மட்டும்.

"கையி எளச்சுப் போச்சு" என்றாள்.

அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நல்லாத்தான் வெச்சிருக்கான்."

11 மார்ச்

இப்போது சாயங்காலக் கேள்வி மாறிவிட்டது. "இன்னைக்கு அதுல எதாச்சும் வந்துச்சா?"

23 மார்ச், ஞாயிறு

அம்மாவிடம் படம் காட்டி மூன்று வாரம் ஆகிறது, குழுவில் அவன் வண்டி வரவேயில்லை. தெரிந்தவர்கள் பார்க்காத வழியாகப் போகிறானா, மலைக்கே வருவதில்லையா? அம்மா கஞ்சியைப் பாதியில் வைத்துவிடுகிறாள். பிரசாத்திடம் விசாரித்தேன். கிளப்காரர்கள் ஏப்ரல் ஆறாம் தேதி வருகிறார்களாம். "மேடத்துக்கு அந்தப் பச்சை வண்டி மேல ஒரு கண்ணுங்களா?" என்று சிரித்தார். ஆமாங்க என்றேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

பக்கத்து வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விடியக்காலையில் கிளம்பினேன். குன்னூருக்குக் கீழே, ஏறும் வண்டிகள் தவழ்ந்து வரும் கொண்டை ஊசி வளைவு. ஒரு சில்வர் ஓக் மரத்தின் பின்னால், ஐம்பது வயதுப் பெண்மணி, கையில் போன். குரங்குகள் கூட மரியாதையாக விலகி உட்கார்ந்தன.

வந்தான். நெற்றி ஏறியிருக்கிறது. மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறான். ஸ்டியரிங்கை இழுத்து வளைக்கும்போது, சின்ன வயதில் கணக்குப் போடுவானே, அதே போல் நாக்கைத் துருத்திக்கொண்டான். படத்தில் முகம் முழுசாக விழுந்தது. கூப்பிடவில்லை.

குழுவில் போடவில்லை. அம்மாவிடம் மட்டும் காட்டினேன்.

7 ஏப்ரல், திங்கள்

ஆபீசுக்குக் கிளம்பும்போது இந்துமதி வந்தாள். அம்மா தலையணையில் சாய்ந்து, இட்லியை முழுசாகத் தின்றுவிட்டு, அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நேத்து எம்பையன் வந்திருந்தான். இன்னமும் நாக்கத் துருத்தறான், சொன்னாக் கேக்கறதில்ல."

இந்துமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மெய்யாவாக்கா? சாப்பிட்டுட்டா போனாரு?"

"சாப்பிட்டுட்டுத்தான் போனான்" என்றேன்.