சவரியம்மாள் முறுக்கு

கடலூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு இருமல் போய்விட்டது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் "சாப்ட்டியா" என்று கேட்டதும் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் சவரியம்மாள் என்ற அக்காவின் முறுக்கை எங்கள் ஆபீஸ் மூலம் ஆன்லைனில் விற்க ஏற்பாடு செய்தேன். இத்தனை வருடம் அதை வாங்கி விற்ற கடைக்காரர், "பேர மட்டும் போடாதம்மா, காலனி ஆளுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்றார். ஆபீசிலும் பேருக்குப் பதிலாக 'கிராமத்துச் சுவை' என்று போடச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அசரவில்லை. "சுட்டது நானு. எம் பேரப் போடு பாப்பா, விக்கலன்னா நானே தின்னுக்கிறேன்" என்றார்.

முதலில் ஒன்றும் விற்கவில்லை. நான் பயந்தது உண்மை. பிறகு ஆர்டர் வரத் தொடங்கியது. நேற்று பார்சல் எடுக்க வந்த கூரியர்க்காரர், "சவரியம்மாள் முறுக்குக் கம்பெனி எதுங்க?" என்று காலனி முழுக்க உரக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நாந்தாங்க கம்பெனி" என்றார்.

இங்கே சாயங்காலத்தில் பேச ஆளில்லை. மல்லாட்டையை வறுத்து, வெல்லப் பாகில் உருண்டை பிடித்து அனுப்பு, கொஞ்சம் ஜாஸ்தியாகவே. திட்டக்குடிக் கடைகளுக்குப் பேரில்லாமல் போடுகிறாயே, அப்படி அனுப்பாதே. டப்பாவின் மேல் உன் பேரை, விருத்தாம்பாள் என்று பெரிதாக எழுது.

பஸ் வந்துவிட்டது.

உன் இளவரசி