பிராசர் வீட்டு நடை

பிளேன்காரெக், சவுத் வேல்ஸ்
9 ஜனவரி 1994

அன்புள்ள இட்வல் அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். ஸ்விண்டனில் என் மகன் கெத்தினும் அவன் இரண்டு பெண் குழந்தைகளும் நலம். நீ அனுப்பிய வீடியோ கேசட் கிறிஸ்துமஸ் முடிந்துதான் வந்து சேர்ந்தது. நிச்சயதார்த்த உடையில் உன் பெண் நெரிஸ் எவ்வளவு அழகு. மாப்பிள்ளை கிரெக் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டும் போலிருக்கிறது. நீதான் இளைத்துவிட்டாய். கடிதத்தையும் இளைக்க வைத்துவிட்டாய், நான்கு வரி.

கல்யாணப் பரிசாக நம் வம்சாவளியை எழுதித் தரும்படி நெரிஸ் கேட்டிருக்கிறாள். அம்மா வழி சுலபம், எல்லோரும் சோவார் சபைக் கல்லறையில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அப்பா வழியில்தான் முட்டி நிற்கிறேன். அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது, உனக்கு ஒன்பது. அப்பாவின் பிராசர் வீட்டைப் பற்றி அம்மா சாகும்வரை வாய் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு டில்லி மாடக்ஸ் கேசட் பார்க்க வந்திருந்தாள். எண்பத்தாறு வயது, கண் இன்னும் கூர்மை. நீ கையில் தட்டோடு புல்வெளியைக் கடக்கிற இடத்தில் சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏ எலுனெட், இது உங்க தாத்தா ஷாட்ராக்கேதான். அச்சு அசல் பிராசர் வீட்டு நடை. கால் ஒரு பக்கம் இழுக்கும், கை ஒரு பக்கம் பறக்கும். ஆட்டக்கார ஷாட்ராக்னுதான் ஊரே கூப்பிடும். அந்தாளுக்குக் கடைக்குப் போகாமலே போதை ஏறும்னு எங்கப்பா கேலி பண்ணுவாரு."

நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் போன பிறகு அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. காலில் என்ன அண்ணா, அடிபட்டதா? அப்பாவைப் பற்றி உனக்கு என்ன நினைவிருக்கிறது?

அன்புத் தங்கை
எலுனெட்


போர்ட் கெம்ப்ளா, ஆஸ்திரேலியா
2 பிப்ரவரி 1994

அன்புள்ள எலுனெட்,

காலில் ஒன்றுமில்லை. புல்லில் குழி இருந்தது.

உருக்காலையில் என்னைக் கிரேனிலிருந்து இறக்கிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். வயதாகிறதாம். ஐம்பத்துமூன்றெல்லாம் ஒரு வயதா? மற்றபடி சுகம். உன் அண்ணி பெவர்லியின் தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது.

அப்பா குடித்துவிட்டு இரும்பாலையின் உலை மேடையில் ஏறினார், விழுந்தார், செத்தார். அவருடைய ஆட்களை அம்மா ஏன் வாசற்படி மிதிக்க விடவில்லை என்று நீயே யோசித்துப் பார். அந்தக் குடிகாரக் கும்பலைத் தோண்டி எடுத்து என் மகள் கையில் கொடுக்காதே. அம்மா வழி போதும்.

டில்லிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடு.

இட்வல்


பிளேன்காரெக்
17 ஏப்ரல் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ வேண்டாம் என்றாய். நான் போய்விட்டேன். உன் கையெழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அப்பாவின் தம்பி ஹோவெலுக்கு ஒரு மகள், மிரியம். மலைக்கு அந்தப் பக்கம் ட்ரெவர் என்ற பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு போனவள் என்று டில்லி சொன்னாள். விசாரித்துக்கொண்டு போனேன். கையில் கரண்டியோடு ட்ரெவரே கதவைத் திறந்தார். எம்லின் பிராசரின் மகள் என்றேன். அவர் முதலில் என் பாதங்களைப் பார்த்தார். பிறகு கைகளை. அப்புறம்தான் முகத்தை.

"உள்ள வாம்மா. உங்க பக்கத்துலேருந்து யாராச்சும் வருவாங்கன்னு ரொம்ப வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்."

மிரியத்துக்கு என் வயதுதான். சுற்றிலும் மெத்தை கட்டிய நாற்காலியில் இருந்தாள். தலை, தோள், விரல், கால் எதுவும் ஒரு நொடிகூட ஓயவில்லை. பேச்சு போய்விட்டது. மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியில் எடுத்து, அவள் தலை போகும் பக்கமெல்லாம் கரண்டியைக் கொண்டுபோனார் ட்ரெவர்.

"ஸ்டாப் வந்துருச்சு கண்ணு, வண்டிய நிறுத்து, பாசஞ்சர் ஏறட்டும்" என்றார். அவள் சிரித்தாள் அண்ணா. சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

அதன் பிறகு அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க ஊர்ல குடின்னு சொல்லுவாங்க. என் மாமனாரு ஒரு சொட்டு தொட்டதில்ல. தள்ளாடுறாருன்னு சபையிலேருந்து நீக்குனாங்க. கடைசியில பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கிடந்து செத்தாரு. இது ரத்தத்துல வர்ற வியாதிம்மா. ஹன்டிங்டன்னு பேரு. அப்பனுக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. முப்பது, நாப்பது வயசு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அப்புறம் கை கால் தானா ஆடும். கோபம் வரும். மெல்ல மெல்ல புத்தியும் போயிரும்."

"மருந்து?"

"இல்லம்மா."

திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன். அப்பா குடித்துவிட்டு விழவில்லை. முப்பத்தொன்பது வயதில் ஆடும் கால்களோடு அந்த மேடையில் ஏறியிருக்கிறார்.

அண்ணா, தயவுசெய்து ஒரு டாக்டரைப் பார். எனக்காகக் கேட்கவில்லை. நெரிஸ் இருக்கிறாள்.

எலுனெட்


போர்ட் கெம்ப்ளா
8 மே 1994

எலுனெட்,

எனக்கு நோய் சொல்ல நீ யார்? பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. ஒரு கிழவி டிவி பார்த்துச் சிரித்தாளாம், ஒரு பஸ் டிரைவர் வைத்தியம் சொன்னானாம்.

அந்த ஊரின் வாயிலிருந்து தப்பிக்கத்தான் இருபத்தைந்து வயதில் கப்பல் ஏறினேன். நீ அதை உறையில் போட்டுத் தபாலில் அனுப்புகிறாய்.

நெரிஸ் காதுக்கு ஒரு வார்த்தை போனால் எனக்குத் தங்கை இல்லை.

இட்வல்


பிளேன்காரெக்
12 ஜூன் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்டு. ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

நெரிஸிடமிருந்து கடிதம் வந்தது. நவம்பரில் கல்யாணம், அடுத்த வருடமே குழந்தை வேண்டுமாம். "அத்தை, வம்ச மரத்துல அடியில ஒரு கிளைக்கு இடம் விட்டு வையுங்க" என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் பழைய பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அவள் கல்யாண உடை வாங்கப் போகிறாள், நான் அவளிடம் பொய் சொல்கிறேன்.

ரத்தத்திலேயே பார்த்துச் சொல்லும் பரிசோதனை ஒன்றைப் போன வருடம்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். கார்டிஃபில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். "தெரிஞ்சுக்கிட்டா மறக்க முடியாது, யோசிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். மறுபடி போனேன். எனக்கு இருந்தால் கெத்தினுக்கும் சொல்ல வேண்டும், அந்தக் குழந்தைகளுக்கும் ஒருநாள் சொல்ல வேண்டும். பல் துலக்கும்போதுகூட என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது இட்வல். உன்னைத் தவிர இதை யாரிடம் சொல்ல முடியும்?

எலுனெட்


போர்ட் கெம்ப்ளா
20 ஜூலை 1994

அன்புத் தங்கச்சிக்கு,

போன கடிதத்தைப் பெவர்லி படித்திருந்தால் என்னை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாள். மன்னித்துக்கொள்.

டாக்டரைப் பார்த்தேன், பெவர்லிக்குத் தெரியாமல். நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், நாக்கை நீட்டி வைத்திருக்கச் சொன்னார். நாக்கு நிற்கவில்லை. ரத்தமும் எடுத்தார்கள். நீ சொன்னதுதான்.

வீட்டில் கப் உடைகிறது. பெவர்லி துடைக்கிறாள், கடையில் பிளாஸ்டிக் கப் வாங்கி வந்து அடுக்குகிறாள். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாவைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேட்டாயே. ஒருமுறை என் பூட்ஸ் கயிற்றைக் கட்ட உட்கார்ந்தார். விரல்கள் போகவில்லை. வெகுநேரம் முயன்றார். "நீயே கட்டிக்கடா, பெரிய பையன்தானே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று அவர் வாயில் எந்த வாடையும் இல்லை.

உனக்கும் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சின்ன வயதில் வீட்டுத் தட்டுகளையெல்லாம் உடைத்தவள் நீதானே. இப்படி எழுதுவது கொடுமைதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இதில் நாம் இரண்டு பேர் என்று நினைக்கும்போதுதான் எனக்குத் தூக்கம் வருகிறது. நான் எங்கே போகிறேனோ அங்கே என் பின்னாலேயே நீயும் வருவாய், அந்தக் காலத்து மாதிரி.

நெரிஸிடம் கல்யாணம் முடிந்து சொல்கிறேன். அந்த ஒரு நாளை அவளுக்கு விட்டுவிடு.

உன் அண்ணன்
இட்வல்


பிளேன்காரெக்
25 செப்டம்பர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

எனக்கு இல்லை.

டாக்டர் இரண்டு தடவை சொன்னார். "உங்களுக்கு இல்லீங்க. உங்க மகனுக்கும் வராது, பேத்திகளுக்கும் வராது." கூட வந்திருந்த கெத்தின் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து அழுதான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உன் ஜூலைக் கடிதம் கைப்பையில் இருந்தது. என் பின்னாலேயே வருவாய் என்று எழுதியிருந்தாயே, அதுதான் மண்டைக்குள் ஓடியது.

சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் பொய். சந்தோஷப்பட்டேன். அதற்கு உன்னிடம் எப்படி முகம் காட்டுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடு அண்ணா. உனக்கும் அப்பாவுக்கும் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைக்கட்டும். முன்கூட்டியே தெரிந்து முடிவெடுக்கட்டும்.

எலுனெட்


பிளேன்காரெக்
30 அக்டோபர் 1994

அன்புள்ள இட்வல்,

பதில் இல்லை. திட்டியாவது எழுது.

எலுனெட்


பிளேன்காரெக்
18 டிசம்பர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நவம்பர் வந்து போய்விட்டது. கல்யாணப் படம் ஒன்றுகூட வரவில்லை. மூன்று தடவை போன் செய்தேன். பெவர்லி அண்ணி எடுத்து, "தூங்குறாரும்மா" என்றே சொன்னார். உங்கள் ஊரில் அப்போது பட்டப்பகல்.

நெரிஸிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அம்மா வழியை அழகாக எழுதிச் சட்டம் போட்டு அனுப்பினேன். அப்பா வழியில் பெயர்கள் மட்டும். அனுப்பிய மறுநாளிலிருந்து என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. நீ சொன்னதை மதிப்பதாக நினைத்து அந்தப் பெண்ணுக்குத் துரோகம் செய்துவிட்டேனோ? அவள் இப்போது உண்டாகியிருந்தால்?

எனக்கு ஏன் இல்லை என்று கடவுளைக் கேட்டுக்கொண்டே சபையில் உட்கார்ந்திருக்கிறேன். அவரும் உன்னைப் போலத்தான், பதில் போடுவதில்லை.

நான் இனி எழுதக்கூடாது என்றால் அதையாவது எழுது. எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

எலுனெட்


போர்ட் கெம்ப்ளா
5 பிப்ரவரி 1995

அன்புத் தங்கச்சிக்கு,

எழுதுவது பெவர்லி. சொல்வது நான். என் கையால் எழுதினால் இனி யாருக்கும் புரியாது.

கல்யாணம் நடக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் ஒத்திகைக்காகத் தேவாலயத்துக்குப் போயிருந்தோம். நெரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்ட வேண்டும். பாதி வழியில் அவள் காலை மிதித்து, அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். பாதிரியார், கிரெக்கின் அப்பா, அம்மா எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் காதருகே குனிந்து, "குடிச்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அந்தத் தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, ஷாட்ராக், அந்த மிரியம். எல்லாம். அவள் எழுந்து வெளியே போனாள். பல நாள் எங்களோடு பேசவில்லை. கல்யாணத்தைத் தள்ளி வைத்தாள். கிரெக்கைப் போய்விடச் சொன்னாள். அவன் போகவில்லை. ஞாயிறுதோறும் வந்து எங்கள் புல்லை வெட்டுகிறான், கோணல்மாணலாக. குழந்தை எதுவும் உண்டாகவில்லை, நீ அதை நினைத்துத் தவித்துக்கொண்டிருப்பாய் என்று பெவர்லி இதை மறக்காமல் சொல்லச் சொன்னாள்.

உன் செப்டம்பர் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுச் சுவரில் எதையோ எறிந்தேன். என்னைத் தனியாக விட்டுவிட்டாய் என்று கோபம். கோபம் இந்த நோயில் சேர்ந்ததாம், ஆனால் அது முழுக்க நோய் இல்லை, நான்தான். இப்போது கெத்தின் குழந்தைகளின் படத்தை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்னவளுக்கு உன் மூக்கு. நன்றாக இருக்கட்டும்.

நெரிஸ் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஏப்ரலில் முடிவு சொல்வார்கள். நானும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம், எலுனெட் அத்தைதான் கூட உட்கார வேண்டும் என்கிறாள். என்ன வந்தாலும் அத்தை அலறமாட்டாள் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. டிக்கெட்டை அவளே எடுத்துவிட்டாள், இதோடு இருக்கிறது. வர மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

இதை நானே சொல்லிவிடுவது நல்லது. ஆளைப் பார்த்துப் பயப்படாதே. இப்போது நிற்பது கஷ்டம். விமான நிலையத்தின் வாசலில் பெவர்லியும் நெரிஸும் உனக்காக நிற்பார்கள். அங்கே என்னைத் தேடாதே. நான் காரில் இருப்பேன். கதவைத் திறந்து, பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்.

உன் அண்ணன்
இட்வல்