ஆமைக்கு ஒரு கம்பளி

அன்புள்ள அம்மாவுக்கு ரபீக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டிவலியும் அத்தாவின் இருமலும் குறைந்திருக்க துஆ செய்கிறேன். நான் சுகம். தொண்டை கட்டியிருக்கிறது, போனில் பேசினால் சரியாகக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

ரியாத்தில் இப்போது மேகமலைக் குளிர். முதலாளி தோட்டத்தில் வளர்க்கும் ஆமைக்குக் கோடையில் கூட்டின்மேல் ஈரச்சாக்கும், குளிரில் உள்ளே ஹீட்டரும் வைப்பது என் வேலை. போன வாரம் ஒருநாள் அந்த ஹீட்டரை என் அறைக்கு எடுத்து வந்துவிட்டேன். காய்ச்சலெல்லாம் இல்லை, லேசான நடுக்கம்தான். விடிந்து பார்த்தால் ஆமை கல்லாகக் கிடந்தது. தட்டியும் அசையவில்லை. "இன்னா லில்லாஹி" ஓதி, வெளியே தூக்கி வந்து கிப்லா பக்கம் திருப்பியும் வைத்துவிட்டேன். வெயில் ஏறியதும் மெல்லத் தலையை நீட்டி என்னைப் பார்த்தது! டிரைவராக இருக்கும் நம் கூடலூர் முத்துப்பாண்டி, "ஏலே ரபீக்கு, அடக்கம் எப்பலே?" என்று இன்னும் சிரிக்கிறான். முதலாளி போனில் ஆமையை மட்டும் விசாரித்தார். ஹீட்டரை அன்றே திருப்பி வைத்துவிட்டேன்.

இதைக் கொண்டுவரும் முத்துப்பாண்டி பத்து நாளில் திரும்புவான். அவனிடம் ஒரு கம்பளி கொடுத்துவிடுங்கள். அத்தாவுக்குத் தெரிய வேண்டாம், "ஆமை புகுந்த வீடு"ன்னு ஆரம்பிச்சிருவாக. வண்டி வந்துவிட்டது.

மகன் ரபீக்

கம்பளி ஆமைக்குத்தான். ஆள் நீளத்துக்கு இருக்கட்டும்.